சாம் குக்கைக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரே பாட்டுக்காக மூன்று முறை காசு கொடுத்திருக்கிறேன். பாட்டு, அமெரிக்க சோல் பாடகர் சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்'. முதலில் வாங்கியது ஐரோப்பாவில் தயாரான ஒரு மலிவுச் சிடிப் பெட்டி. அட்டையில் 'முழுத் தொகுப்பு' என்று பெரிதாகப் போட்டிருந்தது, உள்ளே அந்தப் பாட்டே இல்லை. அடுத்து ஒரு பழைய 45 தட்டு, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டு. அதில் பாட்டு இருந்தது, ஒரு சரணத்தைக் காணவில்லை. மூன்றாவது, தபாலில் வந்த எல்பி, அதாவது முழு ஆல்பமும் உள்ள பெரிய இசைத்தட்டு. படத்தில் பளபளவென்று இருந்த தட்டு, முள்ளை வைத்ததும் வறுகடலை மாதிரி பொரிந்தது. சரியான பதிப்பு கடைசியில் எங்கள் ஊர் நூலகத்தில் இலவசமாகக் கிடைத்தது.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, சோல் என்னும் கறுப்பின அமெரிக்கர்களின் இசையைக் கேட்கலாம் என்று ஆசைப்படும் பல நண்பர்கள் என்னிடம் கேட்பது, 'சாம் குக்கில் எதிலிருந்து தொடங்குவது?' என்பதுதான். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். வாழ்க்கைக் கதைக்குள் போகவில்லை. எதை எடுப்பது, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும் என்பது மட்டும்தான்.

1. முதலில் நான்கு கம்பெனிப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்

சாம் குக் பாடியது மொத்தம் 14 வருடம்கூட இல்லை. 1951 மார்ச்சில் முதல் ஒலிப்பதிவு, 1964 டிசம்பர் 11இல் மரணம். அப்போது வயது 33. அந்தக் குறுகிய காலத்துக்குள் அவருடைய பாட்டுகள் நான்கு இடங்களுக்குச் சிதறிவிட்டன.

1951 முதல் 1957 வரை ஸ்பெஷால்டி. 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற குழுவோடு பாடிய தேவாலயப் பாட்டுகள் இங்கே இருக்கின்றன. 1957இல் கீன் என்ற சிறிய கம்பெனி, 'யூ செண்ட் மீ' இங்கிருந்துதான் வந்தது. 1960இல் ஆர்.சி.ஏ. விக்டர். 1963 இறுதியிலிருந்து ட்ரேசி என்ற கம்பெனியின் பெயரில் பதிவாகி ஆர்.சி.ஏ. முத்திரையோடு வெளிவந்தவை. இன்று ஸ்பெஷால்டி கன்கார்டின் கையில், ஆர்.சி.ஏ. சோனியின் கையில், ட்ரேசி பாட்டுகள் ஆப்கோவின் கையில்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், ஒரு கம்பெனி போடும் பெட்டியில் மற்றக் கம்பெனியின் பாட்டுகள் பெரும்பாலும் வராது. எவ்வளவு பெரிய பெட்டியானாலும் சரி. உங்களுக்குப் பிடித்த பாட்டு எந்த வருடம், எந்தக் கம்பெனி என்று தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம்.

2. நூலக அட்டை எடுங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பொதுவாக இரண்டு ஆவணங்கள் போதும்: புகைப்பட அடையாள அட்டை ஒன்று, உங்கள் பெயரும் முகவரியும் உள்ள காகிதம் ஒன்று. வீட்டு வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ போதும். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இன்னும் வரவில்லையென்றால் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள், என்னுடையதை ஏற்றுக்கொண்டார்கள். செலவு பூஜ்யம்.

உங்கள் கிளையில் சிடி இல்லையென்றால் 'வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா?' என்று கேளுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. எனக்கு ஒரு பெட்டி வர பன்னிரண்டு நாள் ஆனது, இன்னொன்று வர மூன்று வாரம். வந்ததும் சிடியைக் கேட்பதோடு உள்ளே இருக்கும் சிறு புத்தகத்தையும் புரட்டுங்கள். எந்தத் தேதியில் பதிவானது, யார் வாசித்தது எல்லாம் அதில் இருக்கும். அலைபேசியில் கேட்கும்போது தொலைந்துபோவது இந்தத் தகவல்தான்.

3. முதல் வாங்கல் ஒரே ஒரு சிடி

'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லெஜண்ட் 1951–1964'. ஆப்கோ 2003இல் வெளியிட்டது, 30 பாட்டுகள். நான்கு கம்பெனிப் பாட்டுகளும் ஒரே தட்டில் வருவது அபூர்வம், இதில் வருகின்றன. தேவாலயக் காலத்தின் 'டச் தி ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மெண்ட்'டும் உண்டு, 'செயின் கேங்', 'க்யூபிட்', 'வொண்டர்ஃபுல் வேர்ல்ட்'டும் உண்டு, கடைசி வருடப் பாட்டுகளும் உண்டு. 'எ சேஞ்ச்' வெட்டாமல் முழுதாக இருக்கிறது. பழைய பிரதி எனக்கு 9 டாலருக்குக் கிடைத்தது. அந்த வருடப் பதிப்பில் சூப்பர் ஆடியோ சிடி என்று போட்டிருக்கும். பயப்பட வேண்டாம், சாதாரண பிளேயரிலும் ஓடும்.

இந்த ஒரு சிடியோடு ஒரு மாதம் இருங்கள். வேறு எதையும் வாங்காதீர்கள். எந்தக் காலத்துக் குரல் உங்களை இழுக்கிறது என்று தானாகத் தெரியும், அப்புறம் அந்தப் பக்கம் போகலாம்.

இங்கே ஒரு பொறி. இதைவிடப் பாதி விலையில் நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு என்று பெட்டிகள் கண்ணில் படும். ஐரோப்பாவில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. 2013இல் அந்தக் காலத்தை 50 வருடத்திலிருந்து 70 ஆக நீட்டினார்கள், ஆனால் ஏற்கெனவே முடிந்துபோனவற்றுக்கு அது திரும்ப வரவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அவற்றைப் போட்டு விற்கலாம். சட்டப்படி அங்கே தவறில்லை. ஆனால் அப்படிப்பட்ட பெட்டிகள் 1962ஓடு நின்றுவிடும். சாம் குக்கின் மிகப் பெரிய வேலைகள் 1963லும் 64லும் வந்தவை. மூல நாடாவிலிருந்து எடுக்காமல் பழைய சிடியிலிருந்தோ தட்டிலிருந்தோ எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மேல்மூச்சையும் சேர்த்து நீக்கியிருப்பார்கள். பின்னட்டையில் வட்டத்துக்குள் 'பி' என்று ஒரு குறி இருக்கும். அதற்குப் பக்கத்தில் சோனி, ஆர்.சி.ஏ., ஆப்கோ, ஸ்பெஷால்டி, கன்கார்ட் இவற்றில் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். அலைபேசிச் செயலிகளிலும் ஒவ்வொரு ஆல்பத்தின் அடியிலும் இதே குறி இருக்கும்.

4. அடுத்து இரண்டு மேடைகள்: ஒன்றை உடனே, மற்றதைப் பிறகு

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1963 ஜனவரி 12, மயாமி. ஹார்லெம் ஸ்கொயர் கிளப் என்ற கறுப்பின மக்களின் கேளிக்கை விடுதி. ஆர்.சி.ஏ. ஆட்கள் ஒலிப்பதிவுக் கருவிகளோடு போனார்கள், பதிவு செய்தார்கள், கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். இந்த முரட்டுக் குரல் வெள்ளையர் சந்தைக்கு ஆகாது என்ற கணக்கு. அது வெளியே வந்தது 1985இல், அவர் இறந்து இருபது வருடம் கழித்து.

வானொலியில் பட்டுபோல் பாடிய மனிதர் இங்கே தொண்டை கிழியப் பாடுகிறார். கிங் கர்டிஸின் சாக்ஸபோன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. 'ஃபார் செண்டிமெண்டல் ரீசன்ஸ்' வரும்போது கூட்டத்தைப் பாடச் சொல்கிறார், அவர்கள் வார்த்தை பிசகாமல் பாடுகிறார்கள். 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ'க்கு முன்னால் ஒரு நீண்ட பேச்சு. தொலைபேசியில் காதலியைக் கூப்பிடுவதுபோல் நடித்து, நடுவில் 'யூ செண்ட் மீ'யின் ஒரு வரியைத் தூக்கிப் போடுகிறார். கூட்டம் அலறுகிறது. அந்த வரியை அவர் முடிப்பதே இல்லை, முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இது தேவாலயத்தில் பிரசங்கி செய்வது. பேச்சிலிருந்து மெல்ல மெல்ல ராகத்துக்கு ஏறுவது, சபையைக் கூடவே இழுத்துக்கொண்டு போவது. அப்பா பாதிரியார், மகன் சிறு வயதிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்தவர்.

இந்த ஆல்பத்தைக் கட்டாயம் ஹெட்போனில் ஒரு முறை, அறையில் சத்தமாக ஒரு முறை கேளுங்கள். 2005இல் சோனி 'ஒன் நைட் ஸ்டாண்ட்' என்ற பெயரில் மறுபடி ஒலிக்கலவை செய்து வெளியிட்டது. 1985 பதிப்போடு ஒப்பிட்டால் கூட்டத்தின் சத்தமும் இசைக்கருவிகளின் அளவும் வேறுபடும். புதியவர்களுக்கு எதுவானாலும் சரிதான். நான் சிடியை 11 டாலருக்கும், பிறகு 1985 எல்பியை 35 டாலருக்கும் வாங்கினேன். பெயர் இரண்டு விதமாக இருப்பதால் இரண்டு வேறு கச்சேரிகள் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். ஒரே இரவுதான்.

இன்னொரு மேடை, நியூயார்க்கின் கோபகபானா என்ற இரவு விடுதி. 1964 ஜூலையில் பதிவாகி அதே வருடம் 'சாம் குக் அட் தி கோபா' என்று வந்தது. மேசையில் இரவுச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருக்கும் வெள்ளையர் கூட்டம், பெரிய வாத்தியக் குழு, 'டென்னெசி வால்ட்ஸ்', 'பில் பெய்லி' மாதிரிப் பாட்டுகள். குரல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அடக்கி வாசிக்கிறார். இதை முதலில் கேட்டால் 'இவருக்கா இவ்வளவு பேர்?' என்று தோன்றிவிடும். ஹார்லெம் ஸ்கொயரைக் கேட்டபின் கேளுங்கள். அதே மனிதர் எதையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது என்று புரியும். அப்படியும் 'ப்ளோயிங் இன் தி விண்ட்' பாட்டை அந்தக் கூட்டத்தின் முன் பாடியிருக்கிறார். அதற்காகவே இந்த ஆல்பம் என் அலமாரியில் இருக்கிறது.

5. 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்': நேரத்தைப் பார்த்து வாங்குங்கள்

பதிவான நாள் 1964 ஜனவரி 30. ரெனே ஹால் வாத்தியம் அமைத்தார். 1964இன் 'எயிண்ட் தட் குட் நியூஸ்' எல்பியில் முழுப் பாட்டு வந்தது. அவர் இறந்த சில நாட்களில், டிசம்பரில், 'ஷேக்' என்ற நடனப் பாட்டின் மறுபக்கமாக 45 தட்டில் வந்தது. அந்த 45இல்தான் வெட்டு. சினிமாவுக்கும் கடைத்தெருவுக்கும் போனால் இங்கே நிற்காதே என்று விரட்டுவதைச் சொல்லும் சரணத்தை எடுத்துவிட்டார்கள். பாட்டில் நிறவெறியை நேராகக் காட்டும் இடமே அதுதான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. முழுப் பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டும். 3 நிமிடத்துக்குக் குறைவாகக் காட்டினால் அது வெட்டிய பதிப்பு. 45 தட்டின் எண் 47-8486. அதை நினைவுப் பொருளாக வாங்குவதானால் தாராளமாக வாங்குங்கள். பாட்டுக்காக என்றால் எல்பியையோ மேலே சொன்ன 30 பாட்டுச் சிடியையோ எடுங்கள்.

1964 பிப்ரவரி 7இல் 'டுநைட் ஷோ' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைப் பாடினார். அந்த ஒளிப்பதிவு இன்று கையில் இல்லை. யாராவது 'அரிய நேரலைப் பதிவு' என்று விற்றால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

6. 'நைட் பீட்'

1963இன் ஆல்பம். வாத்தியங்கள் குறைவு, நடு இரவு போன்ற அமைதி. ஆர்கன் வாசித்த பில்லி பிரெஸ்டனுக்கு அப்போது 16 வயது. 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டில் நாய் குரைக்கும் இடம் வரும்போது ஆர்கன் குரைக்கிறது, கேட்டுப் பாருங்கள். முழு ஆல்பமாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதுதான் என் முடிவு.

7. தேவாலயப் பாட்டுகள்

அவசரப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். 2002இல் வந்த மூன்று சிடிப் பெட்டியில் சோல் ஸ்டிரர்ஸோடு ஸ்பெஷால்டியில் பாடிய எல்லாம் இருக்கிறது. அவ்வளவு வேண்டாம் என்றால் 1955இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஷ்ரைன் அரங்கில் நடந்த கச்சேரிப் பதிவு போதும். அதில் 'நியரர் டு தீ' எட்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. ஹார்லெம் ஸ்கொயருக்கு வேர் இங்கே இருக்கிறது.

8. பெட்டிகள்: எதில் என்ன இல்லை என்பதைப் பாருங்கள்

சோனியின் எட்டு சிடி 'ஆர்.சி.ஏ. ஆல்பம்ஸ் கலெக்‌ஷன்' 2011இல் வந்தது. நைட் பீட்டும் ஹார்லெம் ஸ்கொயரும் அதில் உண்டு. ஆனால் 'எயிண்ட் தட் குட் நியூஸ்' இல்லை, கோபா இல்லை, ஆகவே 'எ சேஞ்ச்' இல்லை. 2000இல் வந்த நான்கு சிடி 'தி மேன் ஹூ இன்வெண்டட் சோல்' பெட்டியிலும் அந்தப் பாட்டு கிடையாது. இரண்டும் நல்ல பெட்டிகள், உரிமை வேறு இடத்தில் இருப்பதால் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். கீன் காலத்துக்கு ஆப்கோ 2020இல் ஐந்து சிடிப் பெட்டி போட்டது. பட்டியலைப் படித்துவிட்டு, 3ஆம் படியில் எடுத்த சிடியோடு எத்தனை பாட்டு ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் விலையைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம் குக் சொந்தமாகவே எஸ்.ஏ.ஆர். என்ற கம்பெனி நடத்தி மற்றவர்களைப் பாட வைத்தார். பாபி வோமாக்கும் சகோதரர்களும் சேர்ந்த வாலண்டினோஸ், ஜானி டெய்லர், சிம்ஸ் ட்வின்ஸ் எல்லாரும் அதில் பாடியவர்கள். ஆப்கோ 1994இல் அதை இரண்டு சிடியாகப் போட்டது. பாடகருக்குப் பின்னால் இருந்த முதலாளியையும் ஆசிரியரையும் தெரிந்துகொள்ள அதுதான் வழி.

9. பழைய தட்டு வாங்கப் போகிறீர்கள் என்றால்

எண்ணைப் படியுங்கள். ஆர்.சி.ஏ. எல்பிகளில் 'எல்பிஎம்' என்று தொடங்கினால் மோனோ (ஒரே தடத்தில் வரும் ஒலி), 'எல்எஸ்பி' என்றால் ஸ்டீரியோ (இடம், வலம் என்று பிரிந்து வரும் ஒலி). நைட் பீட் 2709, எயிண்ட் தட் குட் நியூஸ் 2899. ஸ்டீரியோ எண்ணுக்குப் பின்னால் 'இ' என்ற எழுத்து தொங்கினால் அது மோனோவைக் கருவியால் பிரித்த போலி ஸ்டீரியோ. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். 1962இன் 'தி பெஸ்ட் ஆஃப் சாம் குக்' எல்பியை மோனோவில் தேடுங்கள், 2625 அதன் எண். கீன் காலப் பாட்டுகளும் ஆர்.சி.ஏ. பாட்டுகளும் சேர்ந்த பன்னிரண்டு. நான் 14 டாலர் கொடுத்தேன்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். 'யூ செண்ட் மீ' தட்டில் பாட்டெழுதியவர் எல்.சி. குக் என்று இருக்கும், அது அவர் தம்பி. 'வொண்டர்ஃபுல் வேர்ல்ட்'டில் கேம்ப்பெல் என்று இருக்கும், அது மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர். 'லவபிள்' தட்டில் பாடகர் பெயரே டேல் குக். காதல் பாட்டுப் பாடியதற்காகத் தேவாலய ரசிகர்கள் கோபிக்கக் கூடாது என்று வைத்த மாற்றுப் பெயர். எதுவும் போலி இல்லை.

தட்டை உறையிலிருந்து எடுத்து, அலைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது. நகத்தில் தட்டுப்படும் கீறல் சத்தம் போடும், தட்டுப்படாத மெல்லிய கோடு பெரும்பாலும் போடாது. கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் சிறிய எண்கள் பொறித்திருக்கும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் எந்த அச்சு என்று பிறகு, இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் சரிபார்க்கலாம். அந்தக் காலத்துக் கனமான முள் தேய்த்த தட்டு, கண்ணுக்குப் பளபளவென்று இருந்தும் சத்தத்தில் கரகரக்கும். என் மூன்றாவது தவறு அதுதான். கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலான கடைகளில் ஒரு பிளேயர் இருக்கும்.

45 தட்டுகளின் நடு ஓட்டை பெரியது. அதற்கான பிளாஸ்டிக் வட்டம் ஒரு டாலருக்குள் கிடைக்கும், தட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஆர்.சி.ஏ. காலத்து ஹிட் பாட்டுகளின் 45கள் எனக்கு மூன்று, நான்கு டாலருக்கே கிடைத்தன. சேகரிப்பவர்கள் போட்டி போடும் 'லவபிள்' போன்றவற்றின் பக்கம் முதல் வருடம் போகாதீர்கள்.

10. தபாலில் வரவழைத்தால்

தரக் குறியீட்டில் 'விஜி பிளஸ்'ஸுக்குக் ('மிக நன்று' என்பதற்கு ஒரு படி மேல்) கீழே உள்ளதைப் படத்தை நம்பி வாங்க வேண்டாம். 'போட்டுக் கேட்டீர்களா, பார்த்து மட்டும் தரம் போட்டீர்களா?' என்று விற்பவரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் அன்றே பதில் சொல்வார்.

அமெரிக்கத் தபால் துறையின் மீடியா மெயிலில் தட்டு அனுப்பலாம். இருப்பதிலேயே மலிவு. எனக்கு வழக்கமாக ஒரு வாரம், விடுமுறைக் காலத்தில் இரண்டு வாரம் ஆகும். காப்பீடு செய்திருந்தால், உடைந்து வந்ததற்கான கோரிக்கையை, தட்டு தபாலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். அதற்கு மூன்று தேவை: விலை காட்டும் ரசீது, காப்பீட்டு எண், வந்த பெட்டி. பெட்டியை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேபாலில் பணம் கட்டினால் 180 நாள் வரை முறையிடலாம், ஆனால் 'நண்பர், குடும்பம்' என்ற வழியில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதற்குப் பாதுகாப்பே கிடையாது.

தட்டு வந்த அன்றே இரண்டு பக்கமும் முழுதாகப் போட்டுக் கேளுங்கள். கோடையில் வந்தால், காரில் வைத்துவிட்டு மளிகைக் கடைக்குப் போய்விடாதீர்கள். அரை மணி நேர வெயில் போதும், தட்டு வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்த எனக்கு இன்றுவரை வழி கிடைக்கவில்லை.